மாண்டிச்செல்லோ: ஒரு வீட்டை நிர்வகிப்பது பற்றி

சரித்திரப் புகழ் பெற்றவர்களின் வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த மனிதர்களைப் பற்றி எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த வீட்டைக் காலையில் திறந்து மாலையில் பூட்டி, கூரை ஒழுகாமல் பார்த்து, டிக்கட் விற்று, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, நன்கொடைக்காக நாலு பணக்காரர்கள் வாசலில் போய் நின்று அதை நடத்துகிற ஆளைப் பற்றி எழுதுவதில்லை. நிர்வாக இயக்குநர் என்று பதவிக்குப் பெயர். அரசாங்கக் கட்டிடம் என்றால் அவர் ஒரு உத்தியோகஸ்தர். மேலிருந்து வந்த உத்தரவின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். லாபநோக்கில்லாத தனியார் அறக்கட்டளையின் வீடு என்றால் அந்த வசதி கிடையாது. அறங்காவலர்கள் ஒரு பக்கம், நன்கொடையாளர்கள் ஒரு பக்கம், டிக்கட் வாங்கி வரும் ஜனங்கள் ஒரு பக்கம். அவருடைய அதிகாரம் செல்லுபடியாவது சில்லறைக் காரியங்களில்தான். எந்த அறை திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும், பலகையில் எந்த வார்த்தை எழுதப்படும், கார்கள் எங்கே நிற்கும் இவைதான். இந்தச் சில்லறைகளின் கூட்டுத்தொகையைத்தான் வந்து போகிறவன் சரித்திரம் என்று நம்பி வீட்டுக்கு எடுத்துப் போகிறான்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், ஷார்லட்ஸ்வில் ஊருக்கு மேலே ஒரு குன்றில் மாண்டிச்செல்லோ இருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தானே வரைபடம் போட்டு, கட்டி, இடித்து, மறுபடி கட்டிய வீடு. 1938 முதல் அந்நாட்டு ஐந்து சென்ட் நாணயத்தின் பின்பக்கத்தில் இதன் படம் இருந்துவருகிறது. எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்ற கருத்துக்கு வாசகம் தந்தவர் தம் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தார். 1826 ஜூலை 4-ஆம் தேதி அவர் இறந்தபோது ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலருக்கு மேல் கடன். அடுத்த ஜனவரியில் வீட்டின் புல்வெளியில் சுமார் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். நாற்காலிகளும் மாடுகளும்கூட அதே ஏலத்தில்தான்.

வீடு 1831-இல் கைமாறியது. 1834-இல் யூரையா லீவி என்ற யூதக் கடற்படை அதிகாரி அதை வாங்கினார். ஜெஃபர்சனின் மத சகிப்புக் கொள்கையில் அவருக்கு ஈடுபாடு. அவருக்குப் பின் நீண்ட வழக்கு, பிறகு அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான ஜெஃபர்சன் மன்ரோ லீவி. ஆக 1834-லிருந்து 1923 வரை, 89 ஆண்டுகள், வீடு லீவிகளிடம் இருந்தது. ஜெஃபர்சன் குடும்பம் அங்கே வாழ்ந்ததைவிட அதிக காலம். இரண்டு முறை இடிந்துபோக இருந்த கட்டிடத்தைப் பணம் போட்டு நிறுத்தியவர்கள் இவர்கள். ஆனால் 1923-இல் தாமஸ் ஜெஃபர்சன் நினைவு அறக்கட்டளை ஐந்து லட்சம் டாலர் விலை பேசி வீட்டை வாங்கியபின், பல பத்தாண்டுகளுக்கு லீவிகளின் பெயர் அந்தக் குன்றில் அநேகமாகக் கேட்கவில்லை. யூரையாவின் தாய் ரேச்சல் 1839-இல் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர். வருகிறவர்கள் அந்தக் கல்லறையைக் கடந்துதான் நடந்தார்கள். யாருடையது என்று சொல்ல ஆளில்லை.

அறக்கட்டளையின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டு மீதிக்குக் கடன் பத்திரம் எழுதித்தான் வாங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம்கூடக் காசு வசூலித்தார்கள். இன்றைக்கும் அரசாங்கத்திலிருந்து நிரந்தர மானியம் கிடையாது. வருமானம் டிக்கட், நன்கொடை, கடையில் விற்கும் பொருள். இவற்றில் எல்லாக் காசும் ஜெஃபர்சன் என்ற பெயரின்மீது ஜனங்களுக்குள்ள பக்தியிலிருந்து வருவது. அப்படிப்பட்ட ஸ்தாபனம் அந்தப் பக்தியைக் குலைக்கும் விஷயத்தைத் தன் வாயால் சொல்லுமா? இது ஒழுக்கக் கேள்வி மட்டுமில்லை. கணக்குப் புத்தகக் கேள்வியும்கூட. சொல்லவில்லை என்பதுதான் முதல் அறுபது ஆண்டுகளின் பதில். ஆரம்ப ஆண்டுகளில் வீட்டைச் சுற்றிக்காட்டியவர்கள் சீருடை போட்ட கறுப்பின ஆண்கள். பிற்பாடு அவர்கள் இடத்தில் வெள்ளைக்காரப் பெண்மணிகள் அமர்த்தப்பட்டார்கள். அடிமைகள் என்ற சொல் வழிகாட்டிகளின் பேச்சில் வேலைக்காரர்கள் என்று மாறியது. அதுவும் இல்லாமல், தட்டு தானாக மேசைக்கு வந்தது, கதவு தானாகத் திறந்தது என்பது மாதிரியான செயப்பாட்டு வினைகள். இலக்கணம் எப்படிச் சாட்சியை ஒழித்துக்கட்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1941-இல் தெற்குப் பக்கக் கட்டிடத்தில் ஓர் அறையைப் பார்வையாளர்களுக்காகக் கழிப்பறையாக்கினார்கள். அந்த அறைக்குப் பிறகு வருகிறேன்.

1985-இல் டேனியல் ஜோர்டன் பொறுப்பேற்றார். மிஸிஸிப்பி மாநிலத்துக்காரர், சரித்திரப் பேராசிரியராக இருந்தவர். 2008 வரை இருபத்து மூன்று ஆண்டுகள் ஸ்தாபனத்தை நடத்தினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 1998-ஐத்தான் பெரிதுபடுத்துவது வழக்கம். என் பார்வையில் அதற்கு முந்தைய, சத்தமில்லாத காரியங்கள்தான் முக்கியம். அவர் வந்த ஆண்டிலேயே ரேச்சல் லீவியின் கல்லறை சீர்செய்யப்பட்டு, அந்தக் குடும்பத்துக்கு இந்த வீடு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பலகை வைக்கப்பட்டது. மல்பெரி வரிசை என்று அழைக்கப்படும் பாதையில் அடிமைகளின் குடில்களும் பட்டறைகளும் இருந்த இடங்களை வில்லியம் கெல்ஸோ 1979-லிருந்து தோண்டிவந்தார். அந்தத் தோண்டல் தொடர்ந்து நடந்தது. 1993 ஜெஃபர்சனின் 250-ஆவது பிறந்த ஆண்டு. அவ்வாண்டில் உலகெங்குமிருந்து பழைய சாமான்களைத் திரட்டி ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. எந்த நினைவில்லமும் செய்யக்கூடியது அது. ஆனால் அதே ஆண்டு இன்னொன்றும் தொடங்கியது. லூசியா ஸ்டான்டன், டயேன் ஸ்வான்-ரைட் என்ற இரண்டு சரித்திர ஆசிரியைகள், மாண்டிச்செல்லோ அடிமைகளின் வம்சத்தவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய் அவர்கள் குடும்பத்தில் வாய்வழியாக வந்த கதைகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். வீட்டைச் சுற்றிக்காட்டுவதோடு, அடிமைகளின் வாழ்க்கையை மட்டும் சொல்லும் தனிச் சுற்றும் அப்போது வந்தது.

டேப் ரிக்கார்டரோடு ஒஹாயோவுக்கும் வேறு இடங்களுக்கும் போன இந்தப் பயணங்களுக்குச் சம்பளமும் வண்டிச்செலவும் ஒதுக்கியது, யாரும் கவனிக்காத ஒரு நிர்வாகத் தீர்மானம். அதில் பேட்டி கொடுத்த பல குடும்பங்களில் ஒரே கதை வந்தது. அது புதிய கதையல்ல. 1802-இலேயே ஒரு பத்திரிகைக்காரர் அச்சேற்றியது. 1873-இல் ஒஹாயோவில் தச்சராக வாழ்ந்த மேடிசன் ஹெமிங்ஸ் ஒரு பத்திரிகைக்குத் தம் சரித்திரத்தைச் சொன்னார். தம் தகப்பன் தாமஸ் ஜெஃபர்சன், தாய் ஸாலி ஹெமிங்ஸ். பாரிஸில் ஜெஃபர்சன் தூதராக இருந்தபோது, 1787-இல், அவர் மகளுக்குத் துணையாக அனுப்பப்பட்டவள் ஸாலி. அப்போது வயது பதினாலு. பிரான்சில் அவள் சட்டப்படி விடுதலை கேட்டிருக்கலாம். பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயதில் விடுதலை என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பினாள் என்கிறார் மகன். ஸாலியும் ஜெஃபர்சனின் மறைந்த மனைவி மார்த்தாவும் ஜான் வேல்ஸ் என்ற ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல அரை வாக்கியம் வேண்டியிருக்கிறது. தமிழில் கொழுந்தியாள் என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். அந்த உறவுமுறைப் பெயரை வைத்துப் பார்த்தால் அந்த வீட்டின் உள்கட்டே வேறுவிதமாகத் தெரிகிறது.

வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கவில்லை. ஆறு பாகங்களில் ஜெஃபர்சனின் வாழ்க்கையை எழுதிய டூமாஸ் மலோன் தள்ளினார். 1974-இல் ஃபான் ப்ரோடி ஏற்று எழுதியபோது அவரை ஏளனம் செய்தார்கள். ஜெஃபர்சனின் வெள்ளைப் பேரப்பிள்ளைகள் பழியை அவருடைய சகோதரி மக்களான கார் சகோதரர்கள்மேல் போட்டிருந்தார்கள். அது போதும் என்று இருந்தது. 1997-இல் சட்டப் பேராசிரியை ஆனெட் கோர்டன்-ரீட் ஒரு எளிய காரியம் செய்தார். இரண்டு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே தராசில் வைத்தார். வெள்ளைக் குடும்பத்தின் வாய்மொழி சாட்சியாகவும், கறுப்புக் குடும்பத்தின் வாய்மொழி வதந்தியாகவும் எண்ணப்பட்டு வந்திருக்கிறது என்பது தெரிந்துபோயிற்று.

அடுத்த ஆண்டு நவம்பரில் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒரு குரோமோசோமை வைத்துச் செய்த சோதனை. ஜெஃபர்சனுக்கு ஆண் வாரிசு தங்கவில்லை. ஆகவே அவருடைய பெரிய தகப்பன் வழி ஆண்களை, ஸாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண் வழியோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. கார் சகோதரர்களின் வழி பொருந்தவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் என்ற ஒரு மனிதரைச் சோதனை சுட்டவில்லை, ஜெஃபர்சன் வம்ச ஆண் ஒருவரைத்தான் சுட்டியது. இந்த இடைவெளி ஒரு நிர்வாகிக்கு எவ்வளவு பெரிய புகலிடம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ‘முடிவாக ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை’ என்ற வாக்கியத்தோடு ஆயுசு முழுக்க ஓட்டியிருக்கலாம். அந்த வாக்கியம் உண்மையாகவும் இருந்திருக்கும்.

ஜோர்டன் பத்திரிகையாளர்களைக் கூட்டி, சோதனையை ஒதுக்கப் போவதில்லை என்றார். ஊழியர்களைக் கொண்ட ஒரு குழுவை நியமித்தார். தலைமை, வாய்மொழிக் கதைகளைத் திரட்டிய டயேன் ஸ்வான்-ரைட், கறுப்பினப் பெண்மணி. குழுவிடம் மரபணு மட்டும் இல்லை. ஸாலியின் ஒவ்வொரு கருத்தரிப்புக் காலத்திலும் ஜெஃபர்சன் வீட்டில் இருந்தார் என்பதைக் காட்டும் அவருடைய சொந்தக் குறிப்புகள் இருந்தன. ஐந்தாண்டு வாய்மொழிப் பதிவுகளும் இருந்தன. 1993-இல் தொடங்கியிருக்காவிட்டால் 1998-இல் அந்த மேசையில் வைக்க ஒரு சோதனைக்குழாய் மட்டும்தான் இருந்திருக்கும். 2000 ஜனவரியில் அறிக்கை வந்தது. எஸ்டனின் தகப்பன் ஜெஃபர்சனாக இருக்க மிகுந்த சாத்தியம் உண்டு, ஸாலியின் ஆறு பிள்ளைகளுக்குமே அவர் தகப்பனாக இருக்கலாம் என்றது. அதே ஆண்டில் ஸ்தாபனம் தன் பெயரிலிருந்த ‘நினைவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டது.

இதில் ஒரு கறை உண்டு. குழுவிலிருந்த மருத்துவர் ஒருவர் உடன்படாமல் தனி அறிக்கை எழுதியிருந்தார். அது ஜனவரியில் சேர்ந்து வரவில்லை, மார்ச்சில்தான் வெளியிடப்பட்டது. எதிர்த்தவர்களுக்கு இது கையில் கிடைத்த ஆயுதம். ஜெஃபர்சனின் பெயரைக் காக்க ஒரு சங்கமும் அமைந்தது. 2001-இல் வேறொரு அறிஞர் குழு, தம்பி ராண்டால்ஃபைச் சுட்டி எதிர் அறிக்கை கொண்டுவந்தது. மறுப்பவனின் குரலையும் அதே அட்டைக்குள் வைத்து அச்சிட்டிருந்தால் அறிக்கையின் பலம் கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன். வாதம் பலமாயிருக்கும்போது மறுப்பைத் தாமதப்படுத்துவது வீண் பயம்.

ஸ்தாபனத்தின் கைக்கு எட்டாத ஒரு துண்டு நிலமும் அந்தக் குன்றில் இருக்கிறது. ஜெஃபர்சன் புதைக்கப்பட்ட குடும்ப மயானம். 1913-இல் அமைந்த, அவருடைய மகள் வழி வாரிசுகளின் சங்கத்துக்குச் சொந்தமானது. ஹெமிங்ஸ் வம்சத்தவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று 2002-இல் அந்தச் சங்கம் ஓட்டெடுத்து முடிவு செய்தது. வீட்டின் இயக்குநர் ஒன்றும் செய்ய முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்சி. இதற்குச் சற்று முன்னால்தான் தொல்லியல்காரர்கள் அடிமைகளின் மயானம் ஒன்றை உறுதி செய்திருந்தார்கள். அது பார்வையாளர் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் மரங்களுக்கிடையே இருந்தது. கல்வெட்டு எதுவும் இல்லை. 2001-இல் அங்கே வம்சத்தவர்கள் கூடி அஞ்சலி செய்தார்கள்.

ஜோர்டன் 2008-இல் விலகினார், 2024-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த லெஸ்லி பௌமன் காலத்தில், 2013-இல், டேவிட் ரூபன்ஸ்டைன் என்ற கோடீஸ்வரர் ஒரு கோடி டாலர் தந்தார். மல்பெரி வரிசைக் குடில்களைத் திரும்ப நிறுத்த அந்தப் பணம் உதவியது. அடிமைக் குடிலுக்கும் இப்போது நன்கொடை வருகிறது. முப்பது ஆண்டுக்கு முன் இதை யாராவது அறங்காவலர்களிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகம். உண்மை சொன்னால் காசு நின்றுவிடும் என்ற கணக்கு தப்பாயிற்று. ஆனாலும் 2000-த்தின் அறிக்கைக்கும் அடுத்த காரியத்துக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் போயின. அவ்வளவு காலமும் பலகைகளில் ‘அநேகமாக’, ‘சாத்தியம் உண்டு’ என்ற சொற்களே நின்றன. ஒரு ஸ்தாபனம் தன் அறிக்கையைத் தானே நம்பத் தொடங்க இத்தனை காலமா என்று கேட்கத் தோன்றுகிறது.

தெற்குக் கட்டிடத்தில் ஸாலிக்கு ஓர் அறை இருந்தது என்பது ஜெஃபர்சனின் பேரன் ஒருவர் சொன்னதாக வந்த குறிப்பு. 1941-இல் கழிப்பறையான அந்த இடத்தின் பீங்கானையும் குழாய்களையும் பெயர்த்தபோது அடியில் பழைய செங்கல் தரையும் அடுப்பிருந்த இடமும் கிடைத்தன. 2018 ஜூனில், ஹெமிங்ஸ் வம்சத்தவரும் மற்ற அடிமைக் குடும்பங்களின் வம்சத்தவருமாக நூற்றுக்கணக்கானவர்கள் வந்திருந்த நாளில், அது ஸாலி ஹெமிங்ஸின் அறையாகத் திறக்கப்பட்டது. பலகையிலிருந்து ‘அநேகமாக’ போய்விட்டது. அவள் உருவப்படம் ஒன்றுகூட இல்லை. அவள் கைப்பட எழுதியது ஒரு வரியும் இல்லை. சாமான்கள் இட்டு நிரப்பி ஒரு பொய் அறையைச் சோடிக்கவில்லை. தலையில்லாத ஒரு உடுப்பு நிற்கிறது. சுவரில் நிழலுருவங்கள் நகர, 1873-இல் ஒரு தச்சர் சொல்லிவைத்த வார்த்தைகள் எழுத்தாக ஓடுகின்றன.