பால் வடியும் நேரம்: ஜொகூர்த் தோட்டங்களில் சிறு இன்பங்களின் வரலாறு

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவியதும் பால் சுரந்து, இரண்டு மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் வடியும். தன் மர நிரையை வெட்டி முடித்த தொழிலாளி, அது அடங்கும்வரை காத்திருந்த பிறகே வாளியோடு பாலெடுக்கக் கிளம்ப முடியும். ஜொகூர் மாநிலத்தின் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்த தமிழர்களுக்கு அன்றைய நாளின் முதல் ஓய்வு இந்தக் காத்திருப்பில்தான் கிடைத்தது. நேரத்தைத் தோட்ட நிர்வாகம் வகுத்தது. அது விட்டுவைத்த இடைவெளிகளில் தொழிலாளர்கள் தங்கள் மகிழ்ச்சியை அமைத்துக்கொண்டார்கள். உணவும் விளையாட்டும் கூத்தும் திருவிழாவும் அந்த இடைவெளிகளில்தான் வளர்ந்தன.

ஜொகூர் தொடக்கத்தில் ரப்பர் நாடாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் மிளகும் காம்பீர்ச் செடியும் பயிரிட்டனர். ஆட்சியாளரிடம் உரிமைச்சீட்டு பெற்ற சீனத் தலைவர்கள் அந்தக் குடியிருப்புகளை நிர்வகித்தனர். கங்சூ என்றழைக்கப்பட்ட அந்த முறை 1917இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதற்குள் ரப்பர் வேரூன்றிவிட்டது. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் உட்பகுதிக் காடுகள் நிறுவனங்களின் கைக்கு எட்டின. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதையோரம் நெடுகத் தோட்டங்கள் எழுந்தன. பிரிட்டிஷ் நிறுவனங்களோடு ஜப்பானிய நிறுவனங்களும் இங்கு நிலம் வாங்கின.

இந்தத் தோட்டங்களுக்கு ஆள் வந்தது தமிழகத்திலிருந்து. 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் பயணச் செலவை ஏற்றது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டபின் ஆள் திரட்டும் கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய் உற்றார் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வந்தார்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு வட்டாரங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறின. ஒரே ஊராரும் ஒரே உறவினரும் ஒரே தோட்டத்தில் சேர்ந்ததால், ஊர்ச் சாமியும் ஊர்க் கூத்தும் ஊர்ச் சமையலும் அவர்களோடு வந்துசேர்ந்தன.

தோட்டத்தில் நாள் விடியுமுன்பே தொடங்கியது. இருட்டில் மணி அடித்ததும் ஆண்களும் பெண்களும் பெரட்டுக் களத்தில் கூடி நிற்க, எழுத்தரான கிராணி பேர் கூப்பிட்டார். வேலை இவ்வளவு முன்னேரத்தில் தொடங்கியதற்குக் காரணம் மரத்தில் இருந்தது. வெயில் ஏறுமுன் மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நிறைய வடியும். மரத்தைக் கொல்லாமல் நாள் விட்டு நாள் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் எச். என். ரிட்லி 1890களில் செம்மைப்படுத்தியிருந்தார். அந்த முறையில் ஒருவர் ஒரு காலையில் ஐந்நூறு மரங்கள்வரை வெட்ட வேண்டியிருந்தது. மழை பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும். அன்று ஓய்வு கிடைக்கும், கூலி கிடைக்காது. கிடைத்த நாளிலும் கூலி சொற்பமே. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வழங்கப்பட்டன.

வெட்டி முடித்ததற்கும் பாலெடுப்பதற்கும் நடுவில் பசியாறும் நேரம் வந்தது. மலேசியத் தமிழர்கள் காலை உணவு உண்பதை இன்றும் ‘பசியாறுதல்’ என்றே சொல்கிறார்கள். தோட்டத்தில் அந்தச் சொல் அதன் முழுப்பொருளில் வழங்கியது. நான்கு மணிக்கு எழுந்து, கொசுக்கடியில் இருட்டிலே மரம் மரமாக நடந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பழைய சோறும் வெங்காயமும், கருவாட்டுச் சம்பலும் சோறும், அவித்த மரவள்ளிக்கிழங்கு, ரொட்டி என்று அவரவர் வீட்டு நிலைமைக்கேற்ப உணவு அமைந்தது. போத்தலில் கொண்டுவந்த, பால் சேர்க்காத கோப்பி ஓ கைமாறியது. பக்கத்து நிரைக்காரர்கள் ஒன்றாகக் கூடிக் கறியைப் பகிர்ந்துகொண்டார்கள். பேச்சும் பாட்டும் கல்யாணச் செய்திகளும் அங்கே பரவின. லயம் என்ற குடியிருப்பிலும் பெரட்டுக் களத்திலும் மேற்பார்வையாளரான தண்டலின் பார்வையும் கிராணியின் குரலும் இருந்தன. மரத்தடியில் அவை சற்று விலகின. பெண்களுக்கு இந்த வேளை இன்னும் அருமையானது. மற்ற வேளையெல்லாம் அவர்களுக்கு வீட்டுவேலையோ வெளிவேலையோ காத்திருந்தது.

பாலை நிறுத்துக் கொடுத்தபின் பிற்பகல் ஓரளவு அவர்களுடையதாயிற்று. லயங்கள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை, இரட்டை அறை வீடுகள். அவற்றைச் சுற்றியிருந்த சிறு நிலத்துண்டில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, அவரை, கத்தரி வளர்ந்தன. மாடும் ஆடும் கோழியும் வளர்த்தவர்கள் பல பேர். ஊரில் இருந்த செடியை இங்கே நட்டுப் பறித்துச் சமைத்தது செலவையும் குறைத்தது, ஊர் நினைவையும் ஆற்றியது. தாய்மார் வேலைக்குப் போனபோது ஆயாக் கொட்டகையில் கிடந்த கைக்குழந்தைகள் மதியத்துக்குப் பிறகு மடிக்குத் திரும்பின.

சிறுவர்களுக்குத் தோட்டமே விளையாட்டுப் பொருள்களைத் தந்தது. வெட்டுக்காயத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கினார்கள். அது தரையில் அடித்தால் ஆளுயரம் துள்ளியது. வெயில் காலத்தில் ரப்பர்க் காய்கள் படபடவென்று வெடித்துக் கொட்டைகள் சிதறின. புள்ளி விழுந்த அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கையால் அழுத்தி, எது உடைகிறது என்று பார்ப்பது ஒரு போட்டி. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைப்பது ஒரு குறும்பு. கோலி, சடுகுடு, பட்டம், ஓடையில் மீன்பிடித்தல் ஆகியவை அவரவர் பருவத்தில் வந்துபோயின. மாலையில் திடலில் இளைஞர்கள் காற்பந்து விளையாடினார்கள்.

மாலையின் இன்னொரு இன்பம் கள்ளுக்கடை. உரிமம் பெற்ற கடைகள் தோட்டத்துக்குள்ளேயே நடந்தன. உடல் வலிக்கும் மனச்சோர்வுக்கும் மலிவான மருந்தாகத் தொடங்கியது பல வீடுகளில் சம்பளத்தையும் அமைதியையும் குடித்துத் தீர்த்தது. தொழிலாளி தன் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொண்ட மற்ற இன்பங்களிலிருந்து இது வேறுபட்டது. இதை வழங்கியதும் இதில் வருவாய் பார்த்ததும் மேலிருந்தவர்கள். 1946-47இல் கெடா மாநிலத்தின் ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. தோட்டத் தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தின் தரத்துக்காகத் தாங்களே நடத்திய போராட்டம் அது.

ஆண்டுக்கொரு முறை வந்த பெரிய இடைவெளி திருவிழா. ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் இருந்தது. எல்லையில் முனியாண்டியும் மதுரை வீரனும் காவல் நின்றார்கள். தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறிது சிறிதாக ஒதுக்கிய பணத்தில் திருவிழா நடந்தது. கரகம், தீமிதி, உறுமி மேளம், அன்னதானம் ஆகியவற்றோடு மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தும் பல தோட்டங்களில் ஆடப்பட்டது. வாரக்கணக்கில் இரவு நேரத்தில் ஒத்திகை நடந்தது. பகலில் வாளி சுமந்தவர் அந்த இரவில் மன்மதனாக நின்றார். நகரத்திலும் கோயில்கள் எழுந்தன. ஜொகூர் பாருவின் ராஜமாரியம்மன் கோயில் 1911இல் நிறுவப்பட்டது. பின்னாளில் கண்ணாடிக் கோயிலாகப் புகழ்பெற்ற ராஜகாளியம்மன் கோயிலின் தொடக்கம் 1922. தைப்பூசம் இன்று ஜொகூரில் பொது விடுமுறை நாள்.

இந்த இன்பங்கள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கின என்பதை 1930களும் 1940களும் காட்டின. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் 1930க்கும் 1932க்கும் இடையில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குச் செல்லும் ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தது. ஜப்பானிய ஆட்சியில் அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்; பலர் திரும்பவில்லை. போர் முடிந்து மூச்சு விடுமுன் 1948இல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் வலுவாக இருந்த மாநிலங்களுள் ஜொகூர் ஒன்று. லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது, ஊரடங்கு வந்தது. காட்டில் கொரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று உணவுப் பொருள்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. தூக்குச்சட்டிச் சோறுகூடச் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. அவசரகாலம் 1960இல்தான் முடிந்தது.

அதே ஆண்டுகளில் புதிய மகிழ்ச்சிகளும் தோட்டத்துக்குள் நுழைந்தன. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, சுற்றி அமர்ந்தவர்கள் கேட்டார்கள். அதன் மாணவர் மணிமன்றம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரை அச்சில் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் பேச்சு, பாட்டு, நாடகப் போட்டிகளுக்கு மேடை அமைத்தது. 1946இல் தொடங்கிய மலாயா வானொலியில் தமிழ்ப் பாட்டுக் கேட்க, வானொலிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் வாசலில் லயமே கூடியது.

எல்லாவற்றிலும் பெரிய கொண்டாட்டம் படம். திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத்துணி கட்டி, மின்னாக்கியின் இரைச்சலோடு தமிழ்ப் படம் ஓடியது. மாலையிலேயே பாயையும் சாக்கையும் விரித்து இடம் பிடித்தார்கள். மழை வந்தால் குடை விரிந்ததே தவிர ஆள் நகரவில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் கதை அதேதான். அரசாங்கத்தின் நடமாடும் படவண்டிகளும் அவசரகாலத்தில் தோட்டங்களுக்கு வந்தன. பிரசாரத்துக்காக வந்த வண்டியை மக்கள் பொழுதுபோக்குக்காக வரவேற்றார்கள்.

சம்பள நாளுக்கு அடுத்த ஓய்வு நாளில் குடும்பங்கள் பட்டணம் போயின. சேலைக்கடை, படக்கொட்டகை, காகிதக் கூம்பில் விற்ற கச்சாங் பூத்தே கடலை, துருவிய ஐசை உருட்டிச் சாயப் பாகு ஊற்றிய பனிப்பந்து ஆகியவற்றோடு அந்த நாள் முடிந்தது. ஜொகூர் பாருவில் சலவைத் தொழிலாளர்களின் பெயரைத் தாங்கிய டோபி சாலையில் 1937இல் தொடங்கப்பட்ட சலாஹுதீன் ரொட்டிக்கடை போன்ற இந்திய முஸ்லிம் கடைகளின் விறகடுப்பு மணம் நகரத்தின் அடையாளங்களில் ஒன்றாயிற்று. பட்டணம் போக முடியாத வாரங்களில் ரொட்டிக்காரர் சைக்கிளில் லயத்துக்கே வந்தார். அவர் மணியோசை கேட்டதும் பிள்ளைகள் ஓடினார்கள்.

ஓய்வு உரிமையானது மெல்ல மெல்ல. 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பி. பி. நாராயணன் தலைமையில் கூலி ஒப்பந்தங்களைப் பேசியது. 1955இன் வேலைவாய்ப்புச் சட்டம் வார ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் எழுத்தில் கொண்டுவந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை முறையில் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள்.

பழைய இடைவெளியை அழித்தது செம்பனை. ஜொகூரில் 1920கள் முதலே செம்பனைத் தோட்டங்கள் இருந்தாலும், 1970களிலும் 1980களிலும் ரப்பர் பெருமளவில் அதற்கு இடம் விட்டது. செம்பனைக்கு விடியுமுன் வெட்டவும் தேவையில்லை, வடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை குலையை அறுத்துச் சுமந்தால் போதும். ஒரே பரப்புக்கு ஆள்கள் குறைவாகவே வேண்டியிருந்தார்கள். மரத்தடியில் கூட்டமாகப் பசியாறும் வழக்கத்துக்கு வேலைமுறையில் இடமில்லாமற்போனது. பிள்ளைகள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மாசாய், ஸ்கூடாய், உலு திராம் குடியிருப்புகளில் குடும்பங்கள் குடியேறின. தோட்ட நிலங்கள் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன.

தோட்டம் போனபின்னும் பல பெயர்கள் நின்றன. ஜொகூரின் எழுபதளவிலான தமிழ்ப் பள்ளிகளில் பல, நகருக்கு இடம் மாறியபிறகும் ரினி தோட்டம், தெப்ராவ் தோட்டம் என்ற பழைய பெயரையே தாங்குகின்றன. லயம் இடிந்த இடங்களிலும் மாரியம்மன் கோயில் நிற்க, ஆண்டுத் திருவிழாவுக்குச் சிதறிய குடும்பங்கள் வந்து கூடுகின்றன. 1924இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்த் தமிழர்கள், தாத்தா பாட்டி பெரட்டுக்கு எழுந்த அதே இருட்டில் எழுகிறார்கள். வழியில் ஒட்டுக்கடையில் நின்று தே தாரிக் குடித்து ரொட்டி சானாய் உண்ணும் கால்மணி நேரத்தை, அவர்களும் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள்.