1,850 கிலோமீட்டர் தள்ளி ஒரு மனநல மருத்துவர்

கனடாவின் ஒண்டாரியோ மாகாண வரைபடத்தை விரித்து மேற்கு எல்லை ஓரமாகப் பார்த்தால் கெனோரா என்று ஓர் ஏரிக்கரை ஊர் இருக்கும். மக்கள்தொகை சுமார் 15,000. பல தலைமுறைகளாகக் காகித ஆலைதான் சோறு போட்டது, அதையும் 2005இல் மூடிவிட்டார்கள். பக்கத்தில் உள்ள பெருநகரம் வின்னிபெக், 210 கிலோமீட்டர். ஆனால் அது மனிடோபா என்ற வேறு மாகாணம். கெனோராக்காரர்களுக்கு மாகாணத் தலைநகரம் டொராண்டோ. சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பினாலே 1,400தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

2010 வாக்கில் இந்த ஊரில் ஒரு திருநங்கை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு பணம் தரும். ஆனால் "ஆமாம், இவருக்கு இது தேவை" என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒரு கிளினிக்கிடம் இருந்தது. அது டொராண்டோவில். ஒண்டாரியோவின் பரப்பு தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்கு!

எங்கள் தொழிலில் இதற்கு சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெய்லியர் என்று பெயர். மொத்த சிஸ்டமும் ஒரே சர்வரை நம்பி நிற்பது. இப்படி ஒன்றை டிசைன் செய்து கொண்டுபோய்க் காட்டினால் சீனியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரு மாகாணம் இதைப் பல ஆண்டுகள் எப்படி நடத்தியது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் கொஞ்சம் பின்னால் போகலாம்.

1960களில் வட அமெரிக்காவில் இந்த விஷயம் தெரிந்த மருத்துவர்கள் மிகச் சிலரே. நியூயார்க்கில் ஹாரி பெஞ்சமின் முக்கியமானவர். 1966இல் அவருடைய புத்தகம் வந்தது. அதே வருடம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஒரு தனி கிளினிக்கைத் தொடங்கியது. இதற்கெல்லாம் பின்னால் பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர் ரீட் எரிக்சன். லூசியானா மாநிலத்தில் 1946இல் மெக்கானிக்கல் என்ஜினியரிங் முடித்தவர், தொழிலதிபர், திருநம்பி. (வீட்டில் ஹென்றி என்று ஒரு சிறுத்தை வளர்த்தார். கட்டுரைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1964இல் அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் வைத்திருந்த பட்டியல்தான். எங்கோ ஒரு சின்ன ஊரில் இருப்பவர் கடிதம் போட்டால், விஷயம் தெரிந்த, துரத்தி அடிக்காத மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று பதில் வரும். கூடவே சிறு கையேடுகளும் வரும். அந்தக் காலத்து செய்திமடல்களில் பலவற்றை இப்போது டிஜிட்டல் டிரான்ஸ்ஜெண்டர் ஆர்க்கைவ் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பட்டியல் இருந்தாலும் பயணம் பயணம்தான். ரூபர்ட் ராஜ் என்பவரைப் பாருங்கள். 1952இல் ஒட்டாவாவில் பிறந்தவர். அப்பா இந்தியர், அம்மா போலந்து நாட்டுக்காரர். பத்தொன்பது வயதில் ஹார்மோன் சிகிச்சைக்காக நியூயார்க்கில் பெஞ்சமினின் சக மருத்துவர் சார்லஸ் இலன்ஃபெல்டிடம் போனார். ஒட்டாவா என்பது கனடாவின் தலைநகரம்! அங்கிருந்தே நாடு தாண்ட வேண்டியிருந்தது என்றால் கெனோராவை நினைத்துப் பாருங்கள். ராஜ் 1978இல் கல்கரியில் கனடா திருநர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிறகு 1982 முதல் 1988 வரை திருநம்பிகளுக்காக மெட்டமார்ஃபஸிஸ் என்ற இதழை நடத்தினார். தபால்தலை ஒட்டி அனுப்பிய தாள்கள்தான். ஆனால் தன்னைப்போல இன்னொருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதே தெரியாத ஊரில் அந்த உறைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்!

இனி டொராண்டோ. அங்கே கிளார்க் மனநல நிறுவனம் 1960களின் கடைசியில் ஒரு பாலின அடையாள கிளினிக்கைத் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடி. விஷயம் தெரிந்த சைக்யாட்ரிஸ்ட்களும் சைக்காலஜிஸ்ட்களும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த அபூர்வமான இடம். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். அதன் விதிகளைப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஒரு திருநங்கை ஹார்மோன் கேட்டு வந்தால், முதலில் ஒரு வருடம் முழுநேரமும் பெண்ணாக வாழ்ந்து காட்ட வேண்டும். வேலை பார்த்ததற்கோ படித்ததற்கோ ஆதாரம் காட்ட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வருடம்.

பெருநகரத்தில் இது கஷ்டம். சின்ன ஊரில் இது வேறு ஜாதிக் கஷ்டம். டொராண்டோவில் வீடு மாறலாம், வேலை மாறலாம், தெரு மாறினாலே யாருக்கும் நம்மைத் தெரியாது. ஆலை ஊரில் மளிகைக் கடைக்காரரும் பழைய பள்ளி வாத்தியாரும் ஆலை ஃபோர்மேனும் குழந்தையிலிருந்து பார்த்தவர்கள். ஹார்மோன் இல்லாமல், உடலில் எந்த மாற்றமும் இல்லாமல், பக்கத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஒரு வருடம் அங்கே வெளிப்படையாக நடமாட வேண்டும். அப்போதுதான் சிகிச்சை தொடங்கும். விதியை எழுதியவர்கள் மனதில் இருந்தது நகரத்து மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. அந்த அறையில் கெனோராக்காரர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. மனநல மருத்துவரிடம் எதற்குப் போகிறோம்? தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, சில நாள் வாழவே பிடிக்கவில்லை என்று சொல்லத்தான். ஆனால் எதிரில் இருப்பவர் அனுமதி கொடுக்கிறவராகவும் இருந்தால்? "எனக்குக் குழப்பமாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஃபைல் கிடப்பில் போய்விடுமோ என்ற பயம் வரும். அதனால் ஆட்கள் என்ன சொன்னால் ஒப்புக்கொள்வார்கள் என்று கற்றுக்கொண்டு வந்து அதையே சொன்னார்கள். இது கனடாவில் மட்டும் நடந்ததில்லை. சாண்டி ஸ்டோன் 1991இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் அமெரிக்க கிளினிக்குகளைப் பற்றி இதைத்தான் எழுதினார்: வருகிறவர்களின் வாழ்க்கைக் கதையெல்லாம் பெஞ்சமின் புத்தகத்தோடு அச்சாகப் பொருந்துகிறதே என்று ஆய்வாளர்கள் வியந்தார்கள், வந்தவர்களும் அதே புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று. ஒண்டாரியோவில் விஷயம் தெரிந்த மனநல மருத்துவர்கள் இருந்த ஒரே பெரிய இடமே, மனதைத் திறந்து பேசத் தயங்குகிற இடமாகவும் ஆகிவிட்டது. டொராண்டோ திருநர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ஜுராசிக் கிளார்க்.

1998இல் கிளார்க் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து சிஏஎம்ஹெச் என்ற பெரிய மனநல மையமானது. அதே வருடம் அக்டோபரில் மாகாண அரசு அறுவை சிகிச்சையைக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 2006இல் மனித உரிமைத் தீர்ப்பாயம், பாதி வழியில் மாட்டிக்கொண்ட சிலருக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. 2008இல் காப்பீடு திரும்ப வந்தது, ஆனால் சிஏஎம்ஹெச் பரிந்துரைத்தால்தான். கதவைத் திறந்துவிட்டு சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுத்த மாதிரி. 2015 வாக்கில் அங்கே வெயிட்டிங் லிஸ்டில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஏன், ஊர் டாக்டரிடமே போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஹார்மோன் எழுதித்தர ஊர் டாக்டருக்குச் சட்டத் தடை இருக்கவில்லை. தெரியாது என்பதுதான் தடை. பெரும்பாலோர் "எனக்கு இதில் பழக்கம் இல்லை, டொராண்டோ போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். 2009-10இல் டிரான்ஸ் பல்ஸ் என்ற ஆய்வு மாகாணம் முழுவதும் 433 திருநர்களிடம் விவரம் சேகரித்தது. திருநர் என்பதால் மோசமாக நடத்துவார்களோ என்று பயந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகாமல் இருந்ததுண்டு என்று ஐந்தில் ஒருவர் சொன்னார். மாரடைப்போ எலும்பு முறிவோ, அதற்கே இந்த நிலை என்றால் மனச்சோர்வுக்கு யார் போவார்கள்? போனவர்களில் பலர் டாக்டருக்கே பாடம் எடுக்க வேண்டியிருந்தது. நோயாளி வாத்தியாராவது சிரிப்பாகத் தெரியலாம். தற்கொலை எண்ணத்தோடு போனவர் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் "திருநர் என்றால் என்ன" என்று விளக்கிக்கொண்டிருந்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கெனோரா பகுதி அனிஷினாபே பழங்குடிகளின் மண். அந்தப் பக்கத்து ஒஜிப்வே மக்களிடையே பல வருடம் வாழ்ந்த ஜான் டானர் என்பவரின் நினைவுக்குறிப்பு 1830இல் வெளிவந்தது. அதில் ஒசாவிந்திப் என்ற ஒருவர் வருகிறார். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர்களைக் குறிக்க அந்த மொழியில் ஒரு சொல்லே இருந்தது. டானர் முகம் சுளித்துத்தான் எழுதுகிறார், ஆனால் சுற்றியிருந்தவர்கள் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1990இல் வின்னிபெக் அருகே கூடிய பழங்குடியினர்தான் 'டூ ஸ்பிரிட்' என்ற பெயரைத் தங்களுக்குப் பொதுப் பெயராக ஏற்றார்கள். கெனோராவிலிருந்து கார் ஓட்டிப் போய்வரும் தூரத்தில்! அரசுத் தாள்களில் 'தொலைதூரப் பகுதி' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றுப் பாலம் பழுதானது. திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடும் குளிரில் பாலத்தின் தளம் ஒரு பக்கம் அறுபது சென்டிமீட்டர் மேலே தூக்கிக்கொண்டது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ஒரே சாலை அது. கெனோராவிலிருந்து டொராண்டோவுக்குக் கனடா மண்ணிலேயே காரில் போக வேண்டுமென்றால் வழியே இல்லை என்றாகிவிட்டது. ஓரிரு நாளில் ஒரு வழியைச் சரிசெய்து திறந்துவிட்டார்கள்.

இன்னொரு ஒற்றைப் பாலத்துக்கு மாற்று கிடைத்தது அதே வருடம் மார்ச் 1ஆம் தேதி. அன்று முதல் சிஏஎம்ஹெச் மட்டும்தான் பரிந்துரைக்கலாம் என்ற விதி போயிற்று. மாகாணத்தில் எங்கே இருந்தாலும், பயிற்சி பெற்ற மருத்துவரோ நர்ஸ் பிராக்டிஷனரோ மதிப்பீடு செய்யலாம். சில அறுவை சிகிச்சைகளுக்கு இரண்டாவது கருத்து தேவை. அதைச் சைக்காலஜிஸ்டோ தகுதியுள்ள சமூகப் பணியாளரோகூடத் தரலாம்.

விதி மாறிவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இதற்கு விடை வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இந்தியாவிலிருந்து போன சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் இருந்தார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருந்தார்கள். 2003இல் அவர் நோயாளிகளை வரவழைப்பதை விட்டுவிட்டு கிராமத்து டாக்டர்களை வாரம் ஒரு முறை வீடியோவில் கூட்டி, அவர்கள் கையில் இருக்கும் கேஸ்களை ஒவ்வொன்றாக அலசினார். அதன் பெயர் ப்ராஜெக்ட் எக்கோ. 2011இல் வந்த ஆய்வில் 407 நோயாளிகளை ஒப்பிட்டார்கள்: பல்கலைக்கழக கிளினிக்கில் குணமானவர்கள் 57.5 சதவீதம், கிராமங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். சர்வரைப் பெரிதாக்காமல் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நகலை வைத்துவிட்டார் மனிதர்.

ஒண்டாரியோவில் இந்த எக்கோ முறையை மனநலத்துக்குக் கொண்டுவந்தது டொராண்டோ பல்கலைக்கழகமும், வேறு யார், சிஏஎம்ஹெச்தான். பிறகு திருநர் நலத்துக்கென்றே தனி எக்கோ வகுப்பு வந்தது. ஒரு காலத்தில் எல்லோரையும் தன் வாசலுக்கு வரச்சொன்ன அதே நிறுவனம், ஊர் டாக்டருக்கும் கவுன்சிலருக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. டொராண்டோவின் ஷெர்போர்ன் சுகாதார மையத்தைச் சேர்ந்த ரெயின்போ ஹெல்த் ஒண்டாரியோவும் இதில் பெரிய பங்கு வகித்தது. அந்த ஷெர்போர்ன் மையத்தில் 2002 முதல் பத்து வருடத்துக்கு மேல் மனநல ஆலோசகராக உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? நம் ரூபர்ட் ராஜ். பத்தொன்பது வயதில் மருத்துவரைத் தேடி நியூயார்க் போனவர்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. வட ஊர்களில் டாக்டர்கள் நிலையாக இருப்பதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் தெற்கே போய்விடுவார்கள், கற்றதும் அவரோடு போய்விடும், புதியவரிடம் நோயாளி முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் கவுன்சிலர் பக்கத்து வீட்டுக்காரராகவோ தங்கையின் டீச்சராகவோ இருப்பார், அவரிடம் எப்படிப் பேசுவது? இதற்காகவே சிலர் உள்ளூரில் ஆள் இருந்தும் வீடியோவில் வேறு ஊர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு வீட்டில் தனியறை வேண்டும், அறுந்து அறுந்து போகாத இணைப்பு வேண்டும். வட ஒண்டாரியோவின் பல ரிசர்வ்களில் இரண்டும் எளிதில் கிடைப்பதில்லை. அங்கே நர்சிங் ஸ்டேஷனுக்கு மாதத்தில் சில நாள் விமானத்தில் வந்துபோகும் டாக்டர்தான் இன்னும் ஒரே டாக்டர்.