ராஜபாளையம் நாய்

ராஜபாளையம் நாய் என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலுள்ள ராஜபாளையம் பகுதியைப் பிறப்பிடமாகக் கொண்ட வேட்டை நாயினம் ஆகும். பாளையக்காரர்கள் இதனை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தனர் என்பது வழிவழிச் செய்தி. இந்திய அஞ்சல் துறை 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளுள் ஒன்று இவ்வினத்துக்கு உரியது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகம் 2020 இல் இதனை நாட்டின் நாயினங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

உடலமைப்பு

வளர்ந்த நாய் தோள்பட்டை வரை ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும். ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நேரான முதுகு, நீண்ட கால்கள், சற்றே வளைந்த வால், மடிந்து தொங்கும் காதுகள் ஆகியன நல்ல நாயின் அடையாளங்கள். சிப்பிப்பாறை நாயைவிட இதன் எலும்புகள் கனமானவை. உரோமம் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் ஆகிய மூன்றும் சேர்ந்த நாயே பெரிதும் விரும்பப்படுகிறது. எனினும் கருப்பு, பழுப்பு, புள்ளி ஆகிய நிறங்களிலும் குட்டிகள் பிறப்பதுண்டு.

நிறமும் செவிட்டுத்தன்மையும்

இவ்வினத்தின் பெரும் சிக்கல் அதன் புகழுக்குக் காரணமான வெள்ளை நிறத்திலேயே உள்ளது. தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் தேவைப்படுகின்றன. அவை அங்கு இல்லாதபோது, ஒலியை உணரும் நத்தைச்சுருளுக்கு (காக்ளியா) ஊட்டம் குறைந்து, பிறந்த சில வாரங்களில் அது சிதைகிறது. இதனால் குட்டி ஒரு காதிலோ இரு காதிலோ செவிடாகிறது. இது இவ்வினத்துக்கு மட்டும் உரியதன்று. வெண்மை மிகுந்திருக்க வேண்டுமெனத் தர வரையறை கூறும் ஜாக் ரசல் டெரியர் போன்ற, 25 முதல் 30 செ.மீ. உயரமே உள்ள சிறிய நாய்களிலும் இக்குறை காணப்படுகிறது.

பிறந்த சில வாரங்களுக்கு எல்லாக் குட்டிகளின் கண்களும் நீலச்சாயலுடன்தான் இருக்கும். வளர்ந்த பின்னும் நீலம் மாறாத குட்டிகளில் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு மிகுதி. அழகெனக் கருதி நீலக்கண் குட்டியைத் தேடி வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் நலம். குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது வழக்கமான சோதனை. ஆனால் ஒரு காது கேட்கும் குட்டியும் திரும்பிப் பார்த்துவிடும். தரையதிர்வை உணர்ந்தும் திரும்பும். மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் கேட்டல் சோதனையே ஒவ்வொரு காதின் நிலையையும் தனித்தனியே காட்டவல்லது.

ஒரு காது மட்டும் கேளாத நாய் பார்வைக்குக் குறையற்றதாகவே தோன்றும். அதனை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தினால் குறை அடுத்த தலைமுறைக்கும் செல்லக்கூடும். புள்ளியுள்ள குட்டிகளைத் தரமற்றவை எனக் கழித்து, வெள்ளையோடு வெள்ளையை மட்டுமே தலைமுறைதோறும் சேர்ப்பதும் இதற்கு இடமளிக்கிறது. காவலுக்கென வளர்க்கப்பட்ட நாய்க்கு நிறத்தைவிடச் செவியே முதன்மையானது என்பதால், புள்ளி நிற நாய்களையும் இனப்பெருக்கத்தில் வைத்துக்கொள்வது பொருத்தமானது.