தொலைந்தது சாவி மட்டும்தானா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தந்தை நீண்ட காலம் ஒரு பழைய புரோட்டோன் சாகா கார் வைத்திருந்தார். அதன் சாவி தொலைந்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறியதில்லை. அம்மாவிடம் இருக்கும் இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு அப்பா சாவிக்காரரிடம் போவார். கடைவரிசையின் ஐந்தடியில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார் அவர். இயந்திரம் ஒரு முறை கிறீச்சிடும், தூள் பறக்கும், ஐந்து நிமிடத்தில் புதுச் சாவி கைக்கு வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்து சொந்தமாகக் கார் வாங்கிய பிறகு, என் சாவியும் ஒரு நாள் பேரங்காடியில் தொலைந்தது. வீட்டிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு நானும் ஒரு சாவிக்காரரைத் தேடிப் போனேன். அவர் வெட்டிக் கொடுத்த சாவி கதவைத் திறந்தது. உள்ளே நுழைத்துத் திருப்பினால் திரும்பியது. என்ஜின் உறுமியது. இரண்டு விநாடியில் அடங்கிப் போனது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதே கதை. சாவிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல சிப் இருக்கும்மா. நான் வெட்டுனது இரும்ப மட்டும்தான்."

அந்த ஒரு வார்த்தைக்குள் காரின் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இரும்பின் காலம்

தொடக்கத்தில் காரைக் கிளப்பியது சாவியல்ல, மனிதனின் கைதான். முன்பக்கம் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சாரத் தொடக்கி 1912-ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்தது. சாவியைத் திருப்பினாலே என்ஜின் இயங்கும் வசதியைக் கிரைஸ்லர் 1949-இல் கொண்டுவந்தது. ஸ்டீயரிங்கையே பூட்டிவிடும் முறை 1970-களில் பரவலானது.

இத்தனை மாற்றங்களுக்கும் அடியில் இருந்தது ஒரே தத்துவம்தான். லைனஸ் யேல் ஜூனியர் 1860-களில் காப்புரிமை பெற்ற பூட்டில், சாவியின் மேடு பள்ளங்கள் உள்ளேயிருக்கும் சிறு முள்களைச் சரியான உயரத்திற்குத் தூக்கும். கார் பூட்டும் அதன் உறவுதான். "உன் வடிவம் சரியா?" என்பது மட்டுமே அது கேட்கும் கேள்வி. வடிவத்தை யாரும் நகலெடுக்கலாம், நகலெடுக்கத் தெரியாதவன் பூட்டையே உடைக்கலாம்.

முதல் மாற்றம் 1986-இல் அமெரிக்காவின் கோர்வெட் காரில் வந்தது. சாவியின் தண்டில் ஒரு சிறு மின்தடைத் துண்டைப் பதித்தார்கள். அதன் அளவு பொருந்தாவிட்டால் கார் கிளம்பாது, சில நிமிடங்களுக்கு அசையவும் செய்யாது. ஆனால் மொத்தம் இருந்தவை 15 அளவுகள்தான். பொறுமையுள்ள திருடனுக்கு 15 பெரிய எண்ணா?

பெர்லின் சுவரும் கார் சாவியும்

பெர்லின் சுவருக்கும் நம் கைப்பையில் இருக்கும் சாவிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. 1989-இல் அந்தச் சுவர் விழுந்து எல்லைகள் திறந்தபோது, ஜெர்மனியில் திருடப்பட்ட கார்கள் கிழக்கு ஐரோப்பாவுக்குக் கடத்தப்படுவது பெருகியது. இழப்பீடு கொடுத்துச் சலித்த காப்புறுதி நிறுவனங்கள், என்ஜினையே முடக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று நெருக்கின. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆணை பிறப்பித்தது. 1998 அக்டோபர் முதல் அங்கே விற்கப்படும் புதுக் கார்கள் அனைத்திலும் இம்மொபைலைசர் கட்டாயமானது. ஆஸ்திரேலியா 2001-இலும் கனடா 2007-இலும் அதே வழியில் சென்றன.

இம்மொபைலைசர் வேலை செய்யும் விதம் சுவையானது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப் இருக்கும். அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அது சக்தி பெறுகிறது. உடனே கார் ஒரு கேள்வி கேட்கும். தனக்குள் பதிந்துள்ள ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டுச் சிப் விடை சொல்லும். விடை சரியென்றால்தான் என்ஜின் தொடர்ந்து ஓடும். இரண்டாம் உலகப் போரில், வருவது நம் விமானமா எதிரி விமானமா என்று ரேடியோ அலையால் கேட்டறிந்தார்களே, அதே யோசனைதான் இது. என் கார் இரண்டு விநாடியில் அடங்கியதற்குக் காரணம், அது கேட்ட கேள்விக்கு என் புதுச் சாவி ஊமையாக நின்றதுதான்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான காலத்தை ஆராய்ந்தவர்கள், இந்தக் கருவியால் கார் திருட்டு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று கண்டார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கே விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இந்தக் கருவி இல்லை. 2021-க்குப் பிறகு சமூக ஊடகக் காணொளிகளைப் பார்த்தே இளைஞர்கள் அவற்றைத் திருடத் தொடங்கினார்கள். சட்டம் கட்டாயப்படுத்திய கனடாவில், அதே நிறுவனங்களின் கார்களுக்கு அந்தக் கதி நேரவில்லை.

பூட்டு வலுத்தால்?

ஆயினும் ரகசியம் என்பது என்றும் ரகசியமாகவே இருப்பதில்லை. 2005 ஜனவரியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல கார்களில் பயன்பட்ட 40 பிட் ரகசிய எண்ணை ஒரு மணி நேரத்திற்குள் கண்டுபிடிக்க முடியும் என்று நிரூபித்தார்கள். ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள் கொண்ட எண் அது! 2011-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள், சாவியைத் தொடாமலே கிளம்பும் 10 மாடல் கார்களைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியே கடத்தி, பத்தையும் ஏமாற்ற முடிந்தது.

இவை ஆய்வுக்கூடத்துக் கதைகள். நம் நாட்டில் நடந்ததோ நெஞ்சை உலுக்கும் கதை. அதே 2005, மார்ச் மாதம். கோலாலம்பூர் புறநகரில் ஒருவரின் ஆடம்பரக் காரைக் கொள்ளைக் கும்பல் பறித்தது. அந்தக் கார் உரிமையாளரின் கைரேகை இருந்தால் மட்டுமே கிளம்பும். முதலில் அவரை மிரட்டி விரலை வைக்கச் செய்தார்கள். பிறகு மீண்டும் கிளப்ப வேண்டியிருந்தபோது, பாராங் கத்தியால் விரலின் நுனியை வெட்டி எடுத்துக்கொண்டு, அவரைச் சாலையோரம் விட்டுச் சென்றார்கள். உலகச் செய்தியானது அது.

இந்த வரலாறு எனக்குச் சொல்வது இதுதான்: பூட்டு வலுக்க வலுக்க, திருடனின் பார்வை பூட்டிலிருந்து மனிதன் மேல் திரும்புகிறது. கார் போனால் காப்புறுதி உண்டு. சாவியை உயிருக்கும் மேலாகக் காக்க வேண்டியதில்லை. யாரேனும் கத்தியைக் காட்டினால் கொடுத்துவிடுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

என் கதைக்கு வருகிறேன். கடைசியில் சேவை மையத்திற்குப் போய், அப்பா கொடுத்ததைப் போல் பல மடங்கு கொடுத்துச் சாவி வாங்கினேன். அங்கிருந்த இளைஞர் கேட்ட கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. "அக்கா, தொலைஞ்ச சாவிய அழிச்சிடவா?" எங்கோ கிடக்கும் அந்தச் சாவியை என் கார் இன்னமும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தது!

ஆகவே, சாவி தொலைந்தால் புதியது வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். பழைய சாவியின் பதிவைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கினால் அதைக் கொண்டு என்ஜினைக் கிளப்ப முடியாது. கதவை இரும்புத் தண்டு இன்னும் திறக்கும் என்பதால், காருக்குள் விலையுயர்ந்த பொருளை வைக்காதீர்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போதே மாற்றுச் சாவி செய்துகொள்ளுங்கள். எல்லாச் சாவியும் போனபின் செய்வது செலவும் சிரமமும் மிகுந்தது. சில பழைய மாடல்களில் காரின் கணினியையே மாற்ற நேரிடும். புதுக் காருடன் தரும் சாவி எண் பொறித்த சிறு தகட்டைக் காருக்குள் போடாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார் என்றால், சிக்னலைத் தடுக்கும் உறையில் சாவியை வைத்து, காருக்கு அருகில் நின்று கதவு திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

அடையாள அட்டையும் வாகனப் பத்திரமும் கேட்காமல் சாவி செய்து தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். இன்று உங்களுக்குச் செய்து தருபவர், நாளை உங்கள் காருக்கே வேறொருவருக்கும் செய்து தருவார்.