நான்கு எஞ்சின்களும் அறுபது நிமிடங்களும்

நீண்டதூரப் பயணிகள் விமானங்கள் சிலவற்றுக்கு ஏன் நான்கு சிறிய எஞ்சின்கள்? இரண்டு பெரியவை போதாவா? பொதுவாகச் சொல்லப்படும் விடை பாதுகாப்பு என்பது. ஒன்று நின்றால் மூன்று மிஞ்சும் என்ற கணக்கு எவருக்கும் விளங்கும். அவ்விடை பொய்யில்லை, ஆனால் வரலாற்றை விளக்க அது போதாது. ஒரே காலத்தில், ஒரே தொழிற்சாலையில், ஏறத்தாழ ஒரே உடலும் ஒரே இறக்கையும் கொண்டு இரட்டை எஞ்சின் விமானமொன்றும் நான்கு எஞ்சின் விமானமொன்றும் உருவாகியிருக்கின்றன. பாதுகாப்பு மட்டுமே காரணமாயின் இது நிகழ்ந்திருக்காது. வழியில் எஞ்சின் நின்றால் இறங்குவதற்குரிய ஓடுபாதை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற கேள்வியும், அத்தொலைவை நிமிடங்களால் அளந்து சட்டமாக்கிய ஒரு விதியும் விமானங்களின் வடிவத்தை எப்படி நிர்ணயித்தன என்பதே இப்பதிவின் பொருள். அதைக் கொல்கத்தாவில் நின்று பார்ப்பது வசதி.

நான் குடியிருக்கும் பெஹாலாவில் ஒரு விமானத் திடல் உண்டு. நகரின் தென்மேற்கு நெரிசலுக்கு நடுவே, விமானம் ஓட்டக் கற்போரின் பயிற்சிக் களமாக அது அறியப்பட்டது. ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் ஏறும் மாணவர் எந்நாட்டவராயினும் தொடக்கத்திலேயே பெறும் பாடம் ஒன்று உண்டு: எஞ்சின் இந்த நொடியில் நின்றால் எங்கே இறங்குவாய்? மிதந்தே சென்று சேரக்கூடிய வயலோ வெளியோ எப்போதும் கண்ணெதிரே இருந்தாக வேண்டும். இந்நகரின் மறுகோடியில், டம்டமில், தரைதொட்ட பெரிய விமானங்களின் வரலாறும் இதே பாடத்தின் விரிவுதான்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்திற்கு எஞ்சின் ஒன்றே. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். ஏற்றிய சுமை கடிதங்கள் மட்டுமே, ஆபத்து விமானியுடையது. மறு ஆண்டில் நிலை மாறியது. 1933-இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனமும் இந்தியன் டிரான்ஸ்-கான்டினென்டல் ஏர்வேஸும் இணைந்து கராச்சியிலிருந்து ஜோத்பூர், டில்லி, கான்பூர், அலகாபாத் வழியாகக் கல்கத்தாவுக்குச் சேவை தொடங்கின. அது ரங்கூனுக்கும், அவ்வாண்டு முடிவதற்குள் சிங்கப்பூருக்கும் நீண்டது. அவ்வழியில் பறந்தது ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் நிறுவனத்தின் அட்டலான்டா. மொத்தம் எட்டு விமானங்களே கட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் நான்கு எஞ்சின்கள். எஞ்சின் ஒன்றுக்கு ஏறத்தாழ 340 குதிரைத்திறன். ஒன்பது பயணிகளுக்கு நான்கு எஞ்சின் என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த விமானத்தைக் கேட்டவர்கள் விதித்த நிபந்தனையைப் படித்தால் வேடிக்கை நீங்கிவிடும்: ஓர் எஞ்சின் நின்றாலும் மற்ற மூன்றைக்கொண்டு 9,000 அடி உயரத்தில் பறக்க வேண்டும்.

அக்காலத்தின் இரட்டை எஞ்சின் விமானங்கள் பலவற்றுக்கு ஒன்றை இழந்தபின் உயரத்தைக் காக்க இயலாது. மெல்லக் கீழிறங்குவதே அவற்றின் விதி. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் எஞ்சினும் இளைக்கும், இறக்கையும் இளைக்கும். ராஜபுதனத்தின் கோடைவெயிலிலும், கல்கத்தாவுக்குக் கிழக்கே அக்யாப் கடற்கரையின் காடுகளுக்கு மேலும் இழப்பு பாதியாக இருப்பதைவிடக் காலாக இருப்பது மேல் என்று கருதினார்கள். எஞ்சின்கள் சிறியனவாக இருந்ததற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. நம்பத்தக்க பெரிய எஞ்சின் அன்று கிடைக்கவில்லை.

இந்த இரு காரணங்களும், அதாவது எஞ்சின் ஆற்றலின் வரம்பும் தொலைவின் அச்சமும், நாற்பது ஆண்டுகள் கைகோத்தே நடந்தன. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் சென்ற ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ நான்கு எஞ்சின் கான்ஸ்டலேஷன். 1960-இல் வந்த போயிங் 707-க்கும் நான்கு. 1971-இல் வந்த 747-க்கும் நான்கு. ஆகவே நான்கு என்பது இயற்கை நியதி போலவே தோன்றியது. இரு காரணங்களும் பிரிந்து நின்றபோதுதான் எது உண்மையில் வடிவத்தை ஆண்டது என்பது தெரியவந்தது.

பிரிவின் தொடக்கத்தை 1953-இல் வைக்கலாம். அவ்வாண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் ஒரு நிபந்தனை இடம்பெற்றது. இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சினில் மட்டும் பறக்கும் வேகத்தில், தகுந்த விமான நிலையம் ஒன்றிலிருந்து 60 நிமிடத் தொலைவுக்குள்ளேயே தன் வழி முழுவதையும் வைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் எஞ்சின்கள் அடிக்கடி நின்ற காலத்தில் அது அறிவார்ந்த விதி. அதே 1953-இல் மே 2 அன்று, டம்டமிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம் சில நிமிடங்களில் இடிமின்னல் புயலில் சிக்கி ஹூக்ளி மாவட்டத்து ஜகல்கோரி அருகே வானிலேயே சிதறியது. உள்ளே இருந்த 43 பேரும் மாண்டனர். உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு. காமெட்டுக்கும் நான்கு எஞ்சின்கள், இறக்கையின் அடியில் உடலோடு ஒட்டிப் பதிக்கப்பட்டவை. உடைந்தது விமானத்தின் கட்டுமானம். அதற்கு எஞ்சின் எண்ணிக்கையால் ஆவது ஒன்றுமில்லை.

60 நிமிடம் என்பது நிலப்படத்தில் எவ்வளவு? ஜெட் விமானம் ஒற்றை எஞ்சினில் மணிக்கு ஏறத்தாழ 740 கி.மீ. செல்லும் என்று கொள்வோம். கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,300 கி.மீ.; நடுப்புள்ளியிலிருந்து இரு கரைக்கும் 650. ஆக வங்காள விரிகுடாவின் இந்தப் பகுதியை இரட்டை எஞ்சின் விமானம் விதியை மீறாமலே கடக்கலாம். வட அட்லாண்டிக்கில் நேர்வழியை விட்டு வளைந்து செல்ல நேரும். பசிபிக்கில் பெரும்பகுதி மூடப்பட்ட கதவு. 1964-இல் மூன்று எஞ்சின் ஜெட்களுக்கு விலக்குக் கிடைத்தது, இரண்டுக்குக் கிடைக்கவில்லை. இதற்கிடையே ஜெட் எஞ்சினின் நம்பகத்தன்மை பிஸ்டன் எஞ்சினை வெகுதூரம் பின்தள்ளிவிட்டது. விதி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

இங்கு எந்திரவியல் கணக்கு ஒன்றை விளக்கியாக வேண்டும். வரலாற்று மாணவர்கள் பொறுத்தருள்க. புறப்படும்போது ஓர் எஞ்சின் நின்றாலும் விமானம் மேலேற வேண்டும் என்பது சட்டம். அப்படி ஏற 60 அலகு உந்துவிசை தேவை என்று வைத்துக்கொள்வோம். இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை இழந்தால் பாதியை இழக்கிறது. ஆகவே அது 120 அலகு சுமந்து புறப்பட வேண்டும். நான்கு எஞ்சின் விமானம் கால்பங்கையே இழக்கிறது. அதற்கு 80 போதும். நான்குக்கு ஏற்றச் சரிவில் சட்டம் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறது என்றாலும் அடிப்படை மாறாது. எனவே நான்கு எஞ்சின் விமானத்தின் எஞ்சின்கள் எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறுத்தவை மட்டுமல்ல. அவற்றின் கூட்டுத்தொகையே எடையோடு ஒப்பிடக் குறைவு.

இதற்குத் தெளிவான சான்று ஏர்பஸ் நிறுவனம் 1987-இல் ஒருசேர அறிவித்த ஏ330, ஏ340 என்ற இரட்டையர். உடல் ஒன்றே, இறக்கையும் பெரும்பாலும் ஒன்றே. ஏ330-300-இன் கனமான வகை ஏறத்தாழ 233 டன். இரு எஞ்சின்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,40,000 பவுண்டு உந்துவிசை. ஏ340-300-இன் கனமான வகை ஏறத்தாழ 275 டன். நான்கும் சேர்ந்து 1,36,000. நாற்பது டன் கூடுதலாகச் சுமப்பது குறைந்த உந்துவிசையால். அது தயங்கித் தயங்கி மேலேறும் என்று விமானிகள் கேலி செய்வதன் காரணம் இதுவே. வெளிப்புற எஞ்சின்களின் எடை இறக்கையை மேல்நோக்கி வளையாமல் அழுத்திப் பிடிப்பதால், அதே இறக்கை அதிக எடையைத் தாங்குகிறது என்பதும் வடிவமைப்பாளர்கள் பெற்ற ஆதாயம்.

அந்நான்கும் உண்மையில் இன்னும் சிக்கனமானவையாக இருந்திருக்க வேண்டும். ‘சூப்பர்ஃபேன்’ என்ற புதுவகை எஞ்சினை நம்பியே ஏ340 திட்டமிடப்பட்டது. 1987-இல் தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள். அப்போது கைகொடுத்தது சிஎஃப்எம்56. குறுந்தூரம் பறக்கும் 737, ஏ320 விமானங்களின் எஞ்சின் குடும்பம். உள்ளூர்ப் பேருந்தின் எஞ்சின்கள் நான்கைக் கோத்துக் கண்டம் கடந்த கதை என்று வகுப்பில் சொல்வேன். மிகைதான், மாணவர்களுக்கு மறக்காது. 1994-இல் ஏர் லங்கா நிறுவனம் ஏ340-ஐ வாங்கியபின், ஈழத்தமிழர் பலர் ஐரோப்பாவுக்கும் கொழும்புக்கும் இடையே பறந்தது இந்த நான்கு சிறிய எஞ்சின்களின் துணையோடுதான்.

ஆயினும் ஏ340 பிறப்பதற்கு முன்பே அதன் நியாயம் கரையத் தொடங்கியிருந்தது. 1985-இல் அமெரிக்க ஆணையம், தகுதி பெற்ற இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு 60 நிமிடத்தை 120 ஆக்கியது, 1988-இல் 180. ஈடாப்ஸ் என்ற சொல் புழக்கத்திற்கு வந்தது அப்போதுதான். 180 நிமிட அனுமதிக்கு, 1,000 எஞ்சின் மணிக்கு 0.02 முறைக்கு மேல் எஞ்சின் வானில் நிற்கக்கூடாது. அதாவது 50,000 மணிக்கு ஒருமுறை. இந்த அளவில் பழைய கணக்கு தலைகீழாகிறது. எஞ்சின் கூடக்கூட ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். இரண்டும் தனித்தனிக் காரணங்களால் ஒரே பயணத்தில் நிற்பது மிக அரிது. அஞ்ச வேண்டியது பொதுக் காரணத்தை. 1982-இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-இன் நான்கு எஞ்சின்களும் ஒருசேர நின்று, பிறகு உயிர்பெற்றன. 1983-இல் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் மூன்று எஞ்சின் விமானம் ஒன்றில், மூன்றிலும் ஒரே பராமரிப்பில் ரப்பர் வளையங்களைப் பொருத்தாமல் விட்டதால் மூன்றிலும் எண்ணெய் ஒழுகியது. ஒரே பணியாளர் ஒரே வேளையில் இரு எஞ்சின்களையும் தொடக்கூடாது என்ற ஈடாப்ஸ் நடைமுறை, இன்னும் இரு எஞ்சின்களைச் சேர்ப்பதைவிட மலிவானது, பலனும் அதிகம்.

எஞ்சின் எண்ணிக்கையால் தீராத தடைகளும் உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே திபெத்தியப் பீடபூமியின் மேல், விமான அறையின் காற்றழுத்தம் குறைந்தால் ஏறத்தாழ 10,000 அடிக்கு இறங்க வேண்டும். கீழே தரையே அதைவிட உயரம். பயணிகளுக்கான உயிர்வளியோ பல விமானங்களில் கால்மணி நேரத்துக்கே போதும். நான்கு எஞ்சின் இருந்தாலும் அங்கு வழி தனியே திட்டமிடப்பட வேண்டும்.

இந்திய வான்வழியில் இம்மாற்றத்தைக் காட்டும் ஒரு வழித்தடம் பெங்களூரு–சான்பிரான்சிஸ்கோ. கிங்ஃபிஷர் நிறுவனம் அதை நான்கு எஞ்சின் ஏ340-500 கொண்டு இடைநிற்காமல் பறக்கத் திட்டமிட்டது. கட்டி முடிக்கப்பட்ட விமானங்களை அது ஏற்கவேயில்லை. 2021 ஜனவரியில் அதே தடத்தை, வட துருவத்தின் வழியாக, ஏறத்தாழ 14,000 கி.மீ., ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் கடந்தனர். விமானம் இரட்டை எஞ்சின் போயிங் 777. அக்குடும்பத்தின் ஜிஇ90 எஞ்சினின் பெரிய வகை ஒன்றே 1,15,300 பவுண்டு உந்துவிசை தரும். காமெட்டின் எஞ்சின்கள் 23 சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். ஏ340-இன் உற்பத்தி 2011-இல் நின்றது. ‘நெடும்பயணத்திற்கு நான்கு எஞ்சின்’ என்ற பொருள்பட விமானத்தின் மேலேயே எழுதிப் பறந்த வெர்ஜின் அட்லாண்டிக்கும் இரட்டை எஞ்சினுக்கு மாறியது. கடைசி 747, 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது.

விதி ஒன்றை மட்டுமே உறுதிசெய்கிறது: எட்டும் தொலைவில் ஓர் ஓடுபாதை. 2023 ஜூன் 6 அன்று டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா 777, ஓர் எஞ்சினில் கோளாறு தோன்றியதால் ரஷ்யாவின் தூரகிழக்கில் மகதான் நகரில் பத்திரமாக இறங்கியது. ஈடாப்ஸ் அச்சுப்பிசகாமல் வேலை செய்தது. 216 பயணிகளும் 16 பணியாளர்களும் தற்காலிகத் தங்குமிடங்களில், மொழி புரியாமல், மாற்று விமானம் மும்பையிலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்தார்கள்.