மகஜர் யாருக்கு? திருச்சி, ஸ்ரீரங்கம் நகரசபைகளும் குடிகளின் முறையீடும்

திருச்சிராப்பள்ளி நகராட்சி, 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866 நவம்பர் 1 அன்று தோற்றுவிக்கப்பட்டபோது, அதன் சபையில் பதவிவழி உறுப்பினர் இருவரும் அரசு நியமித்தோர் ஒன்பதின்மரும் அமர்ந்தனர். ஊரார் தேர்ந்தெடுத்தவர் ஒருவரும் அதில் இல்லை. தெருச் சாக்கடை தேங்கி நாறினாலும், வீட்டுவரி மிகையாகத் தோன்றினாலும், நகரத்தார் கையில் எளிதில் அகப்பட்ட கருவி மகஜர். பலர் கையொப்பமிட்டு அதிகாரிக்கு அளிக்கும் கூட்டு விண்ணப்பத்தைக் குறிக்கும் இச்சொல், அரபு, பாரசீக வழியாக நிர்வாகத் தமிழில் புகுந்தது. மகஜரைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரியும் அதில் குறைகூறப்படும் சபையும் ஒரே அரசைச் சார்ந்திருந்தமையால், அதை எழுதியவர்கள் எதிர்த்தரப்பிடமே நியாயம் கேட்டவராயினர்.

தமிழகத்தின் பழைய மரபு இவ்வாறு மேலிடத்தையே நோக்கியதன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில், அதாவது ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கண்காணித்த குழுவில், பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்கு, அதாவது குடத்திலிட்ட ஓலையை எடுத்து உறுப்பினரைத் தெரியும் முறைக்கு, தகுதியற்றவராக்கின; பதவியிலிருக்கும்போதே குற்றம் கண்டவரை விலக்கவும் இடமளித்தன. நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆடவரின் சபை அது என்பதை மறந்து அதனை மக்களாட்சி என்று போற்றுவது மிகையே. எனினும், தவறியவரைத் தண்டிக்கும் பொறுப்பை அந்தச் சபை தன்னிடமே வைத்திருந்தது என்பது கருதத்தக்கது.

திருச்சியில் 1877இல் தேர்தல் புகுந்தது. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானமும் 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் அதனை வலுப்படுத்த, 1889இல் முதன்முறையாகத் தலைவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் வாக்குரிமை வரி செலுத்துவோரைச் சார்ந்திருந்தது. 1871இல் தனி நகராட்சியான ஸ்ரீரங்கத்தில் இதன் குறை இன்னும் தெளிவாகப் புலப்படும். வைகுண்ட ஏகாதசிக்கு அந்த ஆற்றுத் தீவில் வந்து குவியும் யாத்திரிகர்களுக்குக் குடிநீரும் துப்புரவும் தர வேண்டிய அச்சபை, அவர்களுள் எவருக்கும் வாக்கு வழியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டதன்று.

1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வாக்காளர் தொகையைப் பெருக்கிய அதே வேளையில், கடமை தவறும் சபையைக் கலைக்கவும், அதன் அதிகாரங்களைக் குறித்த காலத்துக்குப் பறித்து அலுவலரிடம் ஒப்படைக்கவும் மாகாண அரசுக்கு இடமளித்தது. சீர்கெட்ட சபைக்கு மருந்தாகக் கருதப்பட்ட இவ்வேற்பாடு, வாக்காளரின் தீர்ப்பையும் சபையோடு சேர்த்தே அகற்றியது. இதற்கிடையே கட்சி அரசியல் நகரசபைக்குள் வேரூன்றியது; 1936இல் உள்ளூர் அரசியல்வாதி பி. ரத்தினவேல் தேவரை மையமாகக் கொண்டு எழுந்த திருச்சி நகரசபைத் தலைவர் தேர்தல் பூசல், ராஜாஜி உள்ளிட்ட மாகாணக் காங்கிரஸ் தலைமையையே கலங்கச் செய்தது. தலைவர் நாற்காலிக்கு நடந்த போட்டியின் வேகத்தில் ஒரு சிறு பங்கு சாக்கடைக்கும் கிடைத்திருந்தால் ஊர் வேறாக இருந்திருக்கும்.

மகஜரும் வாக்கும் பலிக்காதபோது எஞ்சிய நீதிமன்ற வழி இந்திய நகரவாசிகளுக்கு உறுதியாகத் திறந்தது மத்தியப் பிரதேசத்து ரத்லாமில்தான். திறந்தவெளிச் சாக்கடையாலும் சாராய ஆலைக் கழிவாலும் துன்புற்ற அவ்வூர்க் குடிகள், பொதுத் தொல்லையை, அதாவது பலருக்கும் ஊறு விளைக்கும் நிலையை, அகற்ற ஆணையிடும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்குத் தந்த அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவைப் பற்றிக்கொண்டனர். நிதியில்லை என்று நகராட்சி வாதாடிய அவ்வழக்கில், 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பணமின்மை கடமையிலிருந்து விடுவிக்காது என்று தீர்த்தார். ஆனால் அவ்வழியை நாட, திருச்சி மக்களுக்கு உயர்நீதிமன்றமே 2004 வரை சென்னையில் இருந்தது. மதுரைக் கிளை அவ்வாண்டு திறக்கப்பட்டபின் தொலைவு பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் திருச்சியுடன் இணைந்து மாநகராட்சியானபோது, ஸ்ரீரங்கம் தன் சபையை இழந்து ஒரு கோட்டத்தின் பெயராகச் சுருங்கியது. உள்ளாட்சித் தேர்தலை அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் கட்டாயமாக்கியிருந்தும், 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரித் தேர்தல் வரை ஐந்தாண்டுக்கும் மேலாக நகரைத் தனி அலுவலர்களே ஆண்டனர். கவுன்சிலர் இல்லாத அவ்வாண்டுகளில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதுவதே வழி; மகஜரின் காலம் திரும்பியது போலாயிற்று.

2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள வாக்காளரே தெருக்குறைகளைப் பேச வகை செய்யும் கூட்டங்கள் இவை. ஆயினும் பகுதியின் பிரதிநிதியை அவ்வாக்காளர் தேர்ந்தெடுப்பதில்லை; மன்றமே நியமிக்கிறது, 1866இல் அவ்வொன்பதின்மரை அரசு நியமித்தது போலவே.