நேட் செயின்ட்

நேட் செயின்ட் (ஆகஸ்ட் 30, 1923 – ஜனவரி 8, 1956) ஈக்வடார் நாட்டின் அமேசான் காடுகளில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி விமானி.

பென்சில்வேனியாவில் எட்டுப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். தந்தை லாரன்ஸ் செயின்ட் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்த கலைஞர். வாஷிங்டன் தேசியப் பேராலயத்துக்கும் செய்தவர். பிற்பாடு தொழில்முறை விமானியான அண்ணன் சாம், ஏழு வயதுத் தம்பியை முதன்முதலாக விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் சேர்ந்தும், சிறு வயதில் வந்த எலும்புத் தொற்றின் புண் மறுபடி வீங்கியதால் விமானிப் பயிற்சி கைநழுவியது. பழுதுபார்ப்பவராகவே காலம் கழிந்தது. அந்த ஏமாற்றத்தில் கிடைத்த கைத்தொழில்தான் பிறகு காட்டில் கைகொடுத்தது.

1948-இல் மார்ஜரி ஃபாரிஸை மணந்து, அதே ஆண்டு 'மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்' சார்பில் ஈக்வடாரின் ஷெல் மேராவில் குடியேறினார். கணவர் காட்டுக்கு மேல் பறக்கும்போதெல்லாம் மார்ஜரி வீட்டு வானொலியருகே அமர்ந்து, அவர் எங்கே இருக்கிறார் என்று குறித்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டுக்குக் கேத்தி, ஸ்டீவ், பிலிப் என மூன்று பிள்ளைகள்.

வழக்கமான எரிபொருள் ஓட்டம் நின்றாலும் எஞ்சின் அணையாதபடி, தனிச் சிறு தொட்டியிலிருந்து நேராகப் பெட்ரோல் செலுத்தும் அமைப்பை நேட் உருவாக்கினார். அதைவிட அழகானது அவருடைய வாளி முறை. ஓடுபாதை இல்லாத ஊருக்கு மேல் விமானம் வட்டமிடும். பின்னால் சில நூறு மீட்டர் நீளக் கயிறு, நுனியில் வாளி. வட்டம் இறுக இறுகக் கயிறு உட்பக்கம் சுருண்டு இறங்கும். வாளி வட்டத்தின் நடுவில் ஏறக்குறைய அசையாமல் தொங்கும். கீழே நிற்பவர் கையை நீட்டி மருந்தை எடுத்துக்கொண்டு பதில் கடிதத்தைப் போட்டு அனுப்பலாம்.

வெளியாரை அண்டவிடாத வாவோரானி மக்களுக்கு 1955 அக்டோபரில் இப்படித்தான் முதல் பரிசு இறங்கியது: நிற நாடாக்கள் கட்டிய ஓர் அலுமினியக் கெண்டி. சில வாரங்களில் கயிறு வெறுங்கையாகத் திரும்பவில்லை. அவர்கள் இறகு மகுடம் கட்டினார்கள், ஒருமுறை உயிருள்ள கிளியையே அனுப்பினார்கள்.

அவர்களை நேரில் சந்திக்க 1956 ஜனவரி 3 அன்று நேட் குராராய் ஆற்று மணல்திட்டில் தம் மஞ்சள் பைப்பர் விமானத்தை இறக்கினார். ஜனவரி 8 பிற்பகலில் வாவோரானியர் ஈட்டியால் தாக்க, நேட்டும் உடன் வந்த நான்கு மிஷனரித் தோழர்களும் உயிரிழந்தனர். கொலை வெறும் காட்டுமிராண்டித்தனம் என்று அன்றைய செய்திகள் எழுதியது சரியல்ல. வெளியாரிடம் பட்ட பழைய துன்பங்களும், அவர்களுக்குள்ளேயே மூண்ட ஒரு பூசலில் சொல்லப்பட்ட பொய்யும் அதன் பின்னால் இருந்தன.

நேட்டின் அக்கா ரேச்சல், உடன் மாண்ட ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத்துடன் 1958-இல் அதே மக்களிடம் போய்த் தங்கினார். 1965-இல் கேத்தியும் ஸ்டீவும் குராராய் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களை நீரில் இறக்கிய கீமோவும் டியூவியும் 1956 தாக்குதலில் பங்கெடுத்தவர்கள். மணலில் புதைந்து கிடந்த விமானத்தின் எலும்புக்கூடு 1994-இல் மீட்கப்பட்டது.